நனைந்த சீட்டும் இரண்டு சமன்பாடும்

பூ மார்க்கெட்டில் காய்ந்த பொருள் என்று எதுவும் கிடையாது. சாக்கு ஈரம், தரை ஈரம், தராசுத் தட்டு ஈரம், கைமாறும் ரூபாய் நோட்டுகூட ஈரம். மதுரை மாட்டுத்தாவணியில் ஒரு கமிஷன் கடையில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சீட்டு நனைவது எனக்குப் புதிதில்லை. ஆனால் போன ஆவணியில் நனைந்த இரண்டு சீட்டுகள்தான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தைரியத்தை எனக்குக் கொடுத்தன.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கியது 41. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வட்டி, இதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. எக்ஸ், ஒய் என்று எழுத்து உள்ளே வந்துவிட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

அன்றைக்கு முகூர்த்தம் இல்லாத சாதாரண நாள். விடிகாலையில் வந்த பூவை விற்று முடித்து, விவசாயிகளுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தேன். எந்தப் பூ என்ன விலைக்குப் போனது என்று பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டு சீட்டில் நடுப்பகுதி நீலக் கறையாகக் கரைந்துபோயிருந்தது. இடது ஓரத்தில் எடை தெரிகிறது, கீழே மொத்தம் தெரிகிறது, விலை மட்டும் போச்சு. முதலாளி ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. பக்கத்துக் கடையில் கேட்கலாம். ஆனால் கடைக்குக் கடை பத்து, இருபது மாறும். விவசாயி பட்டியலில் அந்தப் பத்து ரூபாய் சும்மா இல்லை.

திருப்பரங்குன்றத்தில் பூ கட்டும் அக்காவின் சீட்டு: மல்லி 3 கிலோ, பிச்சி 2 கிலோ, மொத்தம் 2,700. சிம்மக்கல் தம்பியின் சீட்டு: மல்லி 1 கிலோ, பிச்சி 4 கிலோ, மொத்தம் 2,400.

மாலை கட்டுகிறவர்கள் நார் எடுக்கிற மாதிரி எங்கே இழுத்தால் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி சீட்டில் மல்லி ஒரே கிலோ. அப்படியென்றால் ஒரு கிலோ மல்லி என்பது 2,400-ல் நாலு கிலோ பிச்சியைக் கழித்தது. அக்கா வாங்கியது மூணு கிலோ மல்லி. அதாவது 7,200-ல் பன்னிரண்டு கிலோ பிச்சி கழித்தது. அதோடு அவர் ரெண்டு கிலோ பிச்சியும் வாங்கியிருக்கிறார், ஆக 7,200-ல் பத்து கிலோ பிச்சி குறைவு. அதுதான் 2,700. பத்து கிலோ பிச்சி 4,500. கிலோ 450. மல்லி 2,400-ல் 1,800 போக 600.

டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பட்டியல் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயந்திரம் மகள் நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எட்டிப் பார்த்தால் இரண்டு சமன்பாடு, இரண்டு எழுத்து. ஏதோ ஒரு வீம்பில், "ஏத்தா, காலைல கடையில ஒரு கணக்கு வந்துச்சு, கேக்குறியா?" என்று நனைந்த சீட்டுக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பா, இதுதான்ப்பா பிரதியிடல் முறை. இதத்தான் டீச்சர் மூணு நாளா நடத்துறாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பதா முழிப்பதா என்று தெரியவில்லை. அவளிடம் பாடப் புத்தகத்தை வாங்கி, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பிவிட்ட அந்தப் பக்கத்தை அன்றைக்குத்தான் படித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம், தினமும் இரவு எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் விட்ட பிழையும் நான் விட்ட பிழையும் எங்கே விழுந்தன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வழிமுறை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, பிழை அவரவர் நோட்டில்தான் இருக்கிறது.

முதலில் எழுத்து. எக்ஸ் வேண்டாம், மல்லிக்கு ம, பிச்சிக்கு ப என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். நல்ல யோசனை என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அதிலேயே ஒரு குழி இருந்தது. அவள் ம என்றால் மல்லி என்று நினைத்துக்கொண்டாள், 3ம என்றால் மூணு கிலோ மல்லி. மூணு கிலோ மல்லியும் ரெண்டு கிலோ பிச்சியும் சேர்ந்தால் ஐந்து கிலோ பூதானே, 2,700 எப்படி வரும்? ம என்பது பூ இல்லை, ஒரு கிலோ மல்லியின் விலை, ஒரு எண். 3ம என்பது மூணு தடவை அந்த விலை. இது வார்த்தையில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் "மல்லி விலை பிச்சி விலையைவிட 150 அதிகம்" என்று ஒரு கணக்குக் கொடுத்ததும் அவள் ம + 150 = ப என்று எழுதினாள். வாக்கியத்தில் வார்த்தை வந்த வரிசையிலேயே எழுத்தையும் வைத்துவிட்டாள். மல்லி என்றால் பூவாகத்தானே அவளுக்குத் தெரிகிறது, எண்ணாகத் தெரியவில்லையே. ம என்ற இடத்தில் 600-ஐயும் ப என்ற இடத்தில் 450-ஐயும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 750-ம் 450-ம் சமமா என்று கேட்டதும் அவளே ம = ப + 150 என்று திருத்தினாள். அன்றிலிருந்து முதல் வரியில் "ம = ஒரு கிலோ மல்லியின் விலை, ரூபாயில்" என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்போம்.

அடுத்து, ஏன் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கலாம் என்பது. "டீச்சர் வைக்கச் சொன்னாங்க, வைக்கிறேன்" என்பதுதான் அவள் பதில். வெல்லம் இல்லையென்று சர்க்கரை போடுகிற மாதிரி என்று நான் ஒரு உதாரணம் சொன்னேன். அடுப்படியிலிருந்து அவள் அம்மா, "வெல்லமும் சீனியும் ஒண்ணாங்க?" என்று ஒரே கேள்வியில் அதை உடைத்துவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. பிரதியிடலில் ருசி துளிகூட மாறக் கூடாது. பிறகு 500 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, ஐந்து நூறு ரூபாய் நோட்டாக மாற்றிக் காட்டினேன். பையிலிருக்கும் பணம் மாறவில்லை, நோட்டின் உருவம்தான் மாறியது. ம என்ற ஒரே நோட்டை 2400 − 4ப என்ற சில்லறையாக மாற்றுகிறோம். அதற்குப் பிறகு சமன்பாட்டில் ம கிடையாது, ப மட்டும்தான். தெரியாதது இரண்டாக இருந்தது ஒன்றாகிவிடுகிறது. இந்த முறையின் மொத்த வேலையும் அவ்வளவுதான்.

சரி, சில்லறை மாற்றியாயிற்று. இப்போதுதான் பெரிய பள்ளம். அவள் எழுதியது இது:

3 × 2400 − 4ப + 2ப = 2700

7200 − 2ப = 2700, அதனால் ப = 2250. ம = 2400 − 9000 = −6600.

"அப்பா, மல்லி வாங்குனா கடைக்காரர்தான் நமக்கு 6,600 ரூபா குடுக்கணுமாம்" என்று அவளே சிரித்துவிட்டாள். கணக்கில் பூ இருந்ததால் பிழை கண்ணில் பட்டது. வெறும் எக்ஸ், ஒய்யாக இருந்திருந்தால் −6600 என்று கோடு போட்டு முடித்திருப்பாள்.

பிழை அடைப்புக்குறியில். நான் அதற்கு ஒரு வழி வைத்தேன். அடைப்புக்குறி என்பது ஒரு மஞ்சப்பை. ம இருந்த இடத்தில் முதலில் காலிப் பையை மாட்டு, உள்ளே எதுவும் போடாதே:

3(      ) + 2ப = 2700

இந்த வரியை எழுதிய பிறகுதான் பைக்குள் சாமானைப் போட வேண்டும்:

3(2400 − 4ப) + 2ப = 2700

மூணு பை வாங்கினால் ஒவ்வொரு பையிலும் 2400-ம் இருக்கும், −4ப-வும் இருக்கும். பெருக்கும்போது பையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் மூணு போய்ச் சேர வேண்டும். 7200 − 12ப + 2ப = 2700. காலிப் பை எழுதுகிற ஒரு வரி கூடுதல் வேலைதான், நேரம் வீண் என்று அவள் முனகினாள். ஆனால் அந்த வரி எழுதிய நாள் முதல் இந்தப் பிழை ஏறக்குறைய நின்றுவிட்டது. பைக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால்தான் இன்னமும் தடுமாறுவாள். −2(3அ − 7) என்பதை −6அ − 14 என்று எழுதுவாள். கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்பதை நான் எந்தப் பூவை வைத்தும் விளக்க முடியவில்லை. கடைசியில், கொடுக்க வேண்டிய கடனில் ஏழு ரூபாய் தள்ளுபடி செய்தால் உன் கையில் ஏழு ரூபாய் கூடுமா குறையுமா என்று கேட்டுச் சமாளித்தேன்.

இன்னொரு இரவு, பாதிக் கணக்கில் 2400 = 2400 என்று வந்து நின்றாள். "விடை 2400-ஆப்பா?" ம = 2400 − 4ப என்று தம்பி சீட்டிலிருந்து எடுத்து, அதைத் திரும்பத் தம்பி சீட்டிலேயே வைத்திருக்கிறாள். ஒருவர் சொன்னதை அவரிடமே போய்க் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். முதல் சமன்பாட்டிலிருந்து எடுத்தால் இரண்டாவதில் வைக்க வேண்டும், இரண்டாவதிலிருந்து எடுத்தால் முதலாவதில். கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது. ஆனால் நான்கு வரி தாண்டி எழுதும்போது எது எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோகிறது. அதனால் சமன்பாடுகளுக்கு ஓரத்தில் 1, 2 என்று எண் போடுவதும், "2-லிருந்து" என்று குறிப்பெழுதுவதும் டீச்சரைத் திருப்திப்படுத்தும் சடங்கு இல்லை.

சரிபார்க்கும்போதும் இதே வலை விரித்திருக்கிறது. அவள் கண்டுபிடித்த அந்தத் தப்பான விடையையே எடுத்துக்கொள்ளுங்கள்: ப = 2250, ம = −6600. தம்பி சீட்டில் வைத்துப் பாருங்கள், −6600 + 9000 = 2400. பொருந்துகிறது! ம-வை அந்தச் சீட்டிலிருந்தே கணக்கிட்டதால் ப என்ன தப்பாக இருந்தாலும் அது பொருந்தியே தீரும். அக்கா சீட்டில் வைத்தால்தான் −19800 + 4500 = −15300 என்று சாயம் வெளுக்கிறது. நேரம் குறைவு, ஒன்றில்தான் சரிபார்க்க முடியும் என்றால், எதிலிருந்து எடுத்தோமோ அதில் சரிபார்க்காதீர்கள், மற்றதில் பாருங்கள். நான் படித்த காலத்தில் இதை யாரும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. சொல்லியிருந்தால் 41 கொஞ்சம் கூடியிருக்குமோ என்னவோ.

எந்த எழுத்தைப் பிரித்தெடுப்பது என்பதில் எனக்குக் கடைப் பழக்கம் உதவியது. ஒரே கிலோவாக நிற்பது எது என்று முதலில் பார்ப்பேன். கெழு, அதாவது எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண், 1 ஆக இருந்தால் பிரித்தெடுக்கும்போது பின்னம் வராது. அக்கா சீட்டிலிருந்து ம-வைப் பிரித்தால் 2700 − 2ப-வை மூன்றால் வகுக்க வேண்டும். விடை அதேதான், ஆனால் வழியெல்லாம் முள். எதிலும் 1 இல்லை என்றால், ஒன்று இன்னொன்றின் மடங்காக இருக்கிறதா என்று பார்க்கலாம். 6அ + 5ஆ = 28, 2அ + 3ஆ = 12 என்று ஒரு கணக்கு வந்தது. அ-வைத் தனியாக்காமல், 2அ = 12 − 3ஆ என்று கொத்தாகவே எடுத்தோம். 6அ என்பது மூன்று 2அ. 3(12 − 3ஆ) + 5ஆ = 28. ஆ = 2, அ = 3. பின்னமே வரவில்லை. இதுவும் முடியாத கணக்கென்றால், இரண்டு சமன்பாட்டையும் கூட்டியோ கழித்தோ ஒரு எழுத்தை ஒழிக்கும் நீக்கல் முறைக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். கேள்வியிலேயே "பிரதியிடல் முறையில் தீர்க்க" என்று இருந்தால் மட்டும் முள்ளில் நடந்துதான் ஆக வேண்டும்.

இரண்டு சீட்டு இருந்தால் விலை கிடைத்துவிடும் என்ற மிதப்பில் நான் இருந்தபோது, மகள் ஒரு கேள்வி போட்டாள். 2ம + ப = 1650, 4ம + 2ப = 3300. ப = 1650 − 2ம என்று எடுத்து மற்றதில் வைத்தால் 3300 = 3300. இந்தத் தடவை அதே சமன்பாட்டில் வைக்கவில்லை, சரியாகத்தான் செய்திருக்கிறோம். ஆனால் இரண்டாவது சீட்டு முதல் சீட்டின் இரட்டிப்பு. சீட்டுதான் இரண்டு, சேதி ஒன்றுதான். மல்லி 600, பிச்சி 450-ம் பொருந்தும், மல்லி 700, பிச்சி 250-ம் பொருந்தும். எண்ணற்ற தீர்வுகள் என்கிறது புத்தகம். மொத்தம் 3300-க்குப் பதில் 3200 என்றிருந்தால் 3300 = 3200 என்று வரும், தீர்வு இல்லை. புத்தகத்தில் அதோடு முடிகிறது. கடையில் அங்கேதான் வேலை ஆரம்பம். யாரோ நூறு ரூபாய் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். கணக்கு என்னைக் கூப்பிட்டு, சீட்டைப் போய்ப் பார் என்கிறது.

இது வரைக்கும் எல்லாம் நல்லபடியாகப் போனது. தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது இன்னொரு ஜோடி நனைந்த சீட்டு கிடைத்தது. வேண்டுமென்றே வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

2ம + 3ப = 2550
5ம + ப = 2900

அவள் ப = 2900 − 5ம என்று எடுத்தாள், காலிப் பை மாட்டினாள், எல்லாம் முறைப்படி. −13ம = −6150. ம = ஏறக்குறைய 473 ரூபாய் 8 காசு. ப = ஏறக்குறைய 534 ரூபாய் 62 காசு. இரண்டிலும் சரிபார்த்தாள். இரண்டிலும் பொருந்தியது. "சரியா வருதுப்பா" என்று நோட்டை நீட்டினாள்.

எனக்குப் பார்த்ததும் உறுத்தியது. எங்கள் மார்க்கெட்டில் எட்டுக் காசு என்று ஒரு விலை கிடையாது, பத்து பத்தாகத்தான் ஏறும், இறங்கும். அதைவிட, அந்த வாரம் பூராவும் பிச்சி மல்லிக்கு மேலே போகவே இல்லை. அவள் கூட்டல், பெருக்கலில் நானும் மூன்று முறை பிழை தேடினேன், இல்லை. மறுநாள் முதலாளியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. முதல் சீட்டு காலை ஐந்தரைக்குப் போட்டது, மல்லி 600, பிச்சி 450. இரண்டாவது எட்டு மணிக்கு மேல். அதற்குள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து இன்னொரு வண்டி வந்து இறங்கி, மல்லி 500, பிச்சி 400 ஆகிவிட்டது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விலை மட்டும் பொழுது விடிந்து மூணு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

ஆக, அந்த இரண்டு சமன்பாட்டிலும் இருந்தது ஒரே ம இல்லை. எழுத்து ஒன்று, எண் வேறு வேறு. இரண்டு ம-வும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றில் எடுத்ததை இன்னொன்றில் வைக்கலாம். நோட்டைச் சில்லறை மாற்றலாம், வேறொருவர் நோட்டை மாற்ற முடியாதே. மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப நான் செஞ்சது தப்பாப்பா? ரெண்டுலயும் சரிபாத்தேனே!" நீ செய்த கணக்கு சரி, நான் உன்னிடம் கொடுத்த கணக்குத்தான் தப்பு என்றேன். சமாதானமாகவில்லை. படுக்கப் போகும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து கடையில் நான் போடும் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் மணி எழுதுகிறேன், அதுவும் ஈரத்துக்குக் கரையாத பால்பாயின்ட் பேனாவில். "எதுக்கு இதெல்லாம், நேரம் பாத்துப் பூ விக்கிறியா?" என்றார் முதலாளி. "ரெண்டு சீட்டும் ஒரே விலையாண்டு தெரியணும்ல அண்ணே" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

காலாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு வந்திருந்தது, பேனாவும் பென்சிலும். விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். காலிப் பை வரி இருந்தது, ஓரத்தில் 1, 2 இருந்தது, ஐந்துக்கு ஐந்து. முதல் வரியில் மட்டும் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி. அங்கே அவள் எழுதியிருந்தது: "பே = ஒரு பேனாவின் விலை, ரூபாயில், இரண்டு பேரும் ஒரே நாளில் வாங்கியிருந்தால்."